வெடிப்பைப் பூசி மறைக்காத மேசன்

மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதிப் பக்கம் வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்து, யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்தவர் ஒரு மேசன், கூட ஒரு கையாள். அவருக்குக் கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் அக்கா, கையில இருக்கிற வேலையே முடிக்க ஏலாமக் கிடக்கு" என்றார். ஆகவே பெயரை விட்டுவிட்டு, அவர் எப்படி வேலை செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். அது தெரிந்தால் உங்கள் ஊரிலும் அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கலாம்.

முதலிலேயே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பூச்சு வேலையின் நேர்த்தி நடுத்தரம். சொன்ன நாளுக்கு வருவது அதிலும் குறைவு. ஆனால் சுவரைப் பார்த்து, எது பயப்பட வேண்டிய வெடிப்பு, எது இல்லை என்று பிரித்துச் சொல்வதில் இவரைப் போல ஒருவரை நான் மட்டக்களப்பில் இதற்கு முன்னர் சந்தித்ததில்லை. அந்தப் பார்வைக்காகவே இவருக்குத் திரும்பவும் காசு கொடுப்பேன்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால், 2015 இல் நான் நேபாளத்தில் வேலையில் இருந்தேன். காத்மண்டுவை ஒட்டிய பாட்டன் நகரத்தில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். ஏப்ரல் 25, சனிக்கிழமை, பகல் 11.56. கோர்க்கா மாவட்டத்தில் தொடங்கிய 7.8 அளவு நடுக்கம். அந்த நாட்டில் சனிதான் வார விடுமுறை. பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்ததால் எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் தப்பினார்கள். அப்படியிருந்தும் ஏறக்குறைய 9,000 பேர் இறந்துபோனார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றேன் என்பது கூடச் சரியில்லை, நிலம் நிற்க விடவில்லை. அறைக்குள் இருந்த இரும்பு அலுமாரி ஒரு சுற்றுச் சுற்றி, நான் படுக்கும் கட்டிலுக்குக் குறுக்கே விழுந்தது. வெளியே வந்தபோது தெரு முழுக்கச் செங்கல் தூசி. பாட்டன் அரண்மனைச் சதுக்கத்தில் கோயில்கள் அடியோடு சரிந்து கிடந்தன.

ஆட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் கடக்கக் கஷ்டமாக இருந்தது. பின்னதிர்வுகள் ஓயவில்லை. வீட்டுக்காரம்மாவும் மருமகளும் நானும் பக்கத்து வெறும் வளவில் தரப்பாளைக் கட்டிக்கொண்டு படுத்தோம். அடுத்தடுத்த இரவுகளில் மழையும் பெய்தது. சமையல் வெளியே. அரிசியோ மருந்தோ எடுக்க வேண்டுமென்றால் ஒருவர் வாசலில் நின்று கத்துவதற்குத் தயாராக இருக்க, மற்றவர் உள்ளே ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வருவார். நிலம் ஆடாத நேரத்திலும் கால் ஆடுவதாகத் தோன்றும். உண்மையா பிரமையா என்று பார்க்க, பாதி தண்ணீர் ஊற்றிய போத்தல் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வோம். தண்ணீர் அசையாமல் இருந்தால் திரும்பப் படுக்கலாம். கொஞ்சம் தைரியம் வந்து உள்ளே போகத் தொடங்கிய நேரத்தில், மே 12 ஆம் திகதி 7.3 அளவில் இன்னொன்று. திரும்பவும் தரப்பாளுக்குள்.

எங்களை வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டது ஒரு ஸ்டிக்கர். பொறியியலாளர்கள் வீடு வீடாக வந்து பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒட்டிக்கொண்டு போனார்கள். பச்சை என்றால் இருக்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் உள்ளே போகக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் இளம் பெடியன். இரண்டு யன்னலுக்கு நடுவில் சுவர் பெருக்கல் குறி போல வெடித்திருந்தது. அதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரம்மா அழுதுகொண்டே இருந்தார். அந்தப் பெடியன் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு தூணாகத் தொட்டுக் காட்டினார். தூண்கள் சுகமாக இருக்கின்றன, வெடித்தது தூண்களுக்கு நடுவில் அடைத்த செங்கல் மட்டும், அதைப் பிரித்துத் திரும்பக் கட்டலாம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். பச்சை ஒட்டினார். அன்றிரவு அந்த அம்மா தன் குசினியில் பருப்பு வைத்தார். பயந்துபோன மனிதருக்கு "ஒன்றும் இல்லை" என்று ஆயிரம் பேர் சொல்வதைவிட, தெரிந்த ஒருவர் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது எவ்வளவு பெரிய மருந்து என்பதை அங்கேதான் கண்டேன்.

இனி எங்கள் வீட்டுக் கதை. அம்மா 2004 டிசம்பர் 26 ஐக் கல்லடி திருச்செந்தூரில் இருந்து கண்டவர். அன்று காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் கடலடி உடைந்தது. அலை எங்கள் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் எங்களுக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. நாட்டில் அப்போது எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. அம்மாவின் பழைய வீடு அத்திவாரம் மட்டும் மிச்சமாகக் கிடந்தது. இப்போதிருப்பது அதற்குப் பிறகு கிடைத்த வீடு. 2012 ஏப்ரல் 11 பின்னேரம் அதே பக்கம் 8.6 என்று செய்தி வந்து, கல்லடிச் சனம் எல்லாம் வாவியைக் கடக்கும் பழைய ஒற்றை வழிப் பாலத்தில் முட்டி மோதியது பலருக்கு நினைவிருக்கும். புதுப்பாலம் அப்போது திறக்கப்படவில்லை. அன்று கடலடிப் பாறை பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர்ந்ததால் கடலடி பெரிதாக மேலெழவில்லை, பெரிய அலையும் வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு அன்றிலிருந்து தொலைக்காட்சியில் எங்கே நிலம் ஆடினாலும் அது நம் வீட்டு வாசலில் நடக்கிறது. 2023 பெப்ரவரியில் துருக்கியில் 7.8, அதே கிழமையில் இங்கே மொனராகலை மாவட்டத்தின் புத்தள, வெல்லவாய பக்கம் 3.0 அளவில் ஒரு சின்ன அதிர்வு. அம்மா அம்பாறைக்கு எவ்வளவு தூரம், இங்கே எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பின்னறைச் சுவரில் ஒரு வெடிப்பு. யன்னல் மூலையில் இருந்து படிப்படியாக இறங்கி நிலம் வரை போனது. 2025 மார்ச் 28 இல் மியன்மாரில் 7.7 நடுக்கம் வந்து மண்டலேயில் கட்டடங்கள் மடிந்து விழுவதைக் காட்டினார்கள். அதைப் பார்த்த அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டார். "இந்த அறைக்குள்ள நான் இனிப் படுக்க மாட்டன் புள்ள. சுவர் பிளந்து வருது." நேபாளத்தில் தரப்பாளுக்குள் படுத்த எனக்கு அவரோடு வாதாட மனம் வரவில்லை.

முதலில் வந்தது நகரத்தில் இருந்து ஒரு பழுதுபார்ப்புக் குழு. தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்தார்கள். புட்டிப் பசை போட்டு அடைத்து, மேலே பெயின்ற் அடித்து, ஒரே நாளில் முடித்துத் தருவோம், வெடிப்பு இருந்த இடமே தெரியாது என்றார்கள். ஏன் வெடித்தது என்று கேட்டேன். "பழைய வீடென்றால் வெடிக்கும்தானே." அனுப்பிவிட்டேன்.

நம் மேசன் வந்தது அதற்குப் பிறகு, ஒரு சொந்தக்காரர் சொல்லி. கொண்டு வந்தது ஒரு டோர்ச், ஒரு பென்சில், சுத்தியல், குண்டுநூல், தண்ணீர் மட்டம் பார்க்கும் குழாய். சுவரைப் பார்க்குமுன் அம்மாவிடம் போய், "நீங்க எப்பம்மா இத முதல்ல கண்டீங்க? மழைக்கு முந்தியா, பிந்தியா? யன்னல் சாத்த இறுக்கமா இருக்கா?" என்று கேட்டார். யன்னல் இறுகித்தான் இருந்தது. நாங்கள் யாரும் அதை வெடிப்போடு சேர்த்து நினைக்கவே இல்லை. பிறகு சுத்தியலின் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். பூச்சு கழன்ற இடத்தில் சத்தம் பொள்ளென்று கேட்கும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டார். வெளியே போய் வீட்டைச் சுற்றி வந்தார். பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்த்தார். மூலையில் குந்தி, மண்ணைக் கையால் விலக்கினார்.

அதற்குப் பிறகு அவர் அம்மாவுக்கு நடத்திய பாடத்தை நான் அப்படியே எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். முன்னறைச் சுவரில் மயிர் கனத்தில் வலைபோல் ஓடும் கோடுகள் பூச்சு காய்ந்தபோது சுருங்கியதால் வந்தவை. சீமெந்து கூடிப்போய், தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தாமல் விட்டால் இப்படி வரும். கல்லுக்கு ஒன்றும் இல்லை. கொங்கிறீட் தூணும் கல்லுச் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடாக மேலிருந்து கீழே போவது, இரண்டும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. பார்க்க அசிங்கம், ஆபத்தில்லை. மூன்றாவது, பின்னறை வெடிப்பு. அது கல் இடுக்கு வழியே படிப்படியாக இறங்குகிறது, மேலே அகலம், கீழே மெல்லிசு. "இதுதான் கவனிக்க வேண்டிய ஆள், அம்மா. வீட்டின்ர மூலை கீழ போகுது."

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "பூமி ஆடினதால வந்ததில்லையா தம்பி?"

"ஆடினா ஒரு பக்கமும் இழுக்கும், மறுபக்கமும் இழுக்கும். வெடிப்பு பெருக்கல் குறி மாதிரி ரெண்டு பக்கமும் சாய்ஞ்சு விழும். உங்கட ஒரு பக்கம் மட்டும்தான் சாய்ஞ்சிருக்கு. இது தண்ணி செஞ்ச வேலை."

அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாட்டனில் அந்தப் பெடியன் வீட்டுக்காரம்மாவுக்குக் காட்டிய அதே பெருக்கல் குறி. இந்த மனிதர் நிலநடுக்கம் வந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. சுவர்களை மட்டும் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார்.

அன்று அவர் ஒரு கரண்டி சீமெந்தும் பூசவில்லை. வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு திகதி எழுதினார். நடுவில் இரண்டு இடத்தில், சின்னக் கண்ணாடித் துண்டை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து இரு கரையிலும் சீமெந்தால் ஒட்டினார். வெடிப்பு இன்னும் விரிந்துகொண்டிருந்தால் கண்ணாடி உடையும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும். "இத இண்டைக்குப் பூசினா நாலு மாசத்தில திரும்ப வெடிக்கும் அக்கா. காசு வீண்" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்ததற்குக் காசு வாங்க மறுத்தார். ஓட்டோக் காசை மட்டும் கையில் திணித்தேன்.

கண்ணாடியில் ஒன்று உடைந்தது. மூலை இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூரைத் தண்ணீர் முழுவதும் அந்த மூலையிலேயே கொட்டியிருக்கிறது. எங்கள் பக்கம் எல்லாம் கடற்கரை மணல். வெள்ளமும் சேர்ந்து அத்திவாரத்துக்கு அடியில் இருந்த மணலை அரித்துக்கொண்டு போய்விட்டது. ஒரே மூச்சில் தோண்டினால் மூலை முழுவதும் அந்தரத்தில் நிற்கும் என்று, இரண்டு மூன்று அடி அளவில் துண்டு துண்டாகத் தோண்டி, கொங்கிறீட் போட்டு, அது இறுகிய பிறகு அடுத்த துண்டு. பிறகு சுவர். பூச்சை வெட்டி எடுத்து, கல் இடுக்குகளைக் கிடையாகக் கீறி, வெடிப்பின் இரண்டு பக்கமும் நீளும்படி 6 மில்லிமீற்றர் கம்பிகளை உள்ளே வைத்துச் சாந்தால் அடைத்தார். அதன்மேல் கம்பிவலை, பிறகு பூச்சு. ஒரு கிழமைக்கு நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். அது கச்சான் காற்று அடிக்கிற காலம். சாக்கு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அம்மாவே வாளியோடு நின்றார். மேசன் மண் விஷயத்தில் கடுமையான மனிதர். மலிவாகக் கிடைக்கிறதென்று கடல் மணலைக் கொண்டு வந்து இறக்கினால் திருப்பி அனுப்பிவிடுவார். உப்பு கம்பியைத் தின்னும், கம்பி துருப்பிடித்து ஊதினால் கொங்கிறீட் உடையும்.

பீலிக்கு ஒரு குழாய் பூட்டி, தண்ணீரை மூலையில் இருந்து தள்ளி வேலியோரம் விட்டார். இந்த முழு வேலையிலும் மலிவானது இதுதான். முக்கியமானதும் இதுதான் என்று நினைக்கிறேன். இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்திருந்தால் அடுத்த மாரியில் திரும்பவும் மணல் போயிருக்கும்.

அவர் வந்திருக்கும்போதே என் மனதில் பத்து வருடமாகக் கிடந்த வேலைகளையும் செய்வித்தேன். முதலாவது அலுமாரி. பாட்டனில் என் கட்டிலில் விழுந்ததை நான் மறக்க மாட்டேன். எல் வடிவ இரும்பால் அலுமாரியின் தலையைச் சுவரோடு பூட்டச் சொன்னேன். நடுவில் ஓட்டை உள்ள சீமெந்துக் கல்லில் ஆணி நிற்காது, இழுத்தால் கல்லோடு வரும் என்று சொல்லி, அலுமாரியைத் தூண் பக்கம் நகர்த்தி, தூணில் துளைத்துப் பூட்டினார். அடுத்தது தண்ணீர்த் தாங்கி. ஆயிரம் லீற்றர் என்றால் ஒரு தொன் பாரம், நான்கு காலில் அந்தரத்தில் நிற்கிறது. கால்களுக்கு இடையில் குறுக்குக் கம்பி எதுவும் இல்லாமல்தான் இத்தனை வருடமும் நின்றிருக்கிறது. வெல்டிங் வேலைக்காரர் ஒருவரை அவரே கூட்டி வந்து குறுக்குக் கம்பிகளை ஒட்டுவித்தார். காஸ் சிலிண்டருக்குச் சங்கிலி. அம்மாவின் கட்டிலை யன்னலடியில் இருந்து எடுத்து உட்சுவர்ப் பக்கம் போட்டோம். சாமியறைத் தட்டில் இருந்த கனமான பித்தளை விளக்கைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுவதற்குத்தான் அம்மாவோடு நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். போன் எடுக்க மாட்டார். வட்ஸ்அப்பில் குரல் செய்தி விட்டால் இரவு பதில் வரும். அத்திவார வேலை முடிந்ததும் வேறொரு வீட்டுக்குக் கூரை வேலைக்குப் போய்விட்டார். பின்னறைச் சுவர் கல் தெரிய நின்ற அந்த இடைவெளி அம்மாவுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, இரவில் அந்தப் பக்கமே போகவில்லை. பயந்திருக்கிற ஆட்கள் உள்ள வீட்டில் வேலையைத் தொடங்கினால் நடுவில் விட்டுப் போகக் கூடாது என்று அவரிடம் நேரடியாகவே சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எழுத்தில் மதிப்பீடு தர மாட்டார். புதுப் பூச்சும் பழைய பூச்சும் சேருகிற இடம் பக்கவெளிச்சத்தில் தெரிகிறது. பெயின்ற் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் கொடுத்த கூலி, மேசனுக்கு நாளுக்கு 4,000 ரூபா, கையாளுக்கு 2,800. சாப்பாடு நாங்கள் கொடுத்தோம். சாமான் பட்டியலை அவர் சொல்ல, ஹாட்வெயார் கடையில் நாமே வாங்கினோம். மிஞ்சிய சீமெந்துப் பையைக் கட்டித் திரும்பக் கொடுக்கச் சொன்னார். அந்த நேர்மையைக் குறிப்பிடாமல் விட முடியாது. முழுவதும் சேர்த்துப் பார்த்தால், முதலில் வந்த குழு கேட்டதைவிடக் கூடத்தான். ஆனால் அவர்கள் கேட்டது வெடிப்பை மறைப்பதற்கான விலை.

எல்லா வீட்டுக்கும் இவர் போதும் என்று சொல்ல மாட்டேன். தூணிலோ பீமிலோ வெடிப்பு இருந்து, உள்ளிருக்கும் கம்பி துருவோடு வெளியே தெரிந்தால், அது மேசன் பார்க்கிற காரியமில்லை, பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். மாடி வீடென்றாலும் அப்படியே. இவரும் எங்கள் பக்கத்து மாடி வீட்டுக்காரரிடம் இதையேதான் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

இன்னொன்றையும் கல்லடி ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். அலுமாரி பூட்டியிருக்கிறது, அத்திவாரம் திருத்தியாயிற்று என்று கடல் விஷயத்தில் யாரும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. இலங்கை பூமியின் பெரிய மேலோட்டுத் தட்டுகளின் எல்லையில் இல்லை, நமக்குப் பெரிய ஆபத்து தூரத்தில் சுமாத்திரா, அந்தமான் பக்கம் கடலடி உடைந்து அலையாக வருவது. இப்போது நிலைமை 2004 போல இல்லை. அம்பாறை புத்தங்கலையில் கூட நில அதிர்வு பதியும் நிலையம் இருக்கிறது, கரையோரம் எச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுவப்பட்டன, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கு எந்நேரமும் அழைக்கலாம். அறிவித்தல் வந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு வாவிக்கு அந்தப் பக்கம் போவதுதான் வேலை. அம்மாவின் பை இப்போதும் கதவடியில்தான் இருக்கிறது. அடையாள அட்டை, காணி உறுதியின் பிரதி, பிரஷர் மாத்திரை, டோர்ச், ஒரு போத்தல் தண்ணீர். அதை அங்கிருந்து அகற்றும்படி நான் சொல்லவும் மாட்டேன்.

பின்னறையில் அம்மா திரும்பவும் படுக்கிறார். கண்ணாடித் துண்டு ஒன்றைப் புதுப் பூச்சின் மேலும் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டார், மேசனும் சிரிக்காமல் ஒட்டி, திகதி எழுதிக் கொடுத்தார். ஆடி, ஆவணி போய் ஒரு மாரியும் பார்த்தாயிற்று, அது உடையவில்லை.

இப்படி ஒருவரைத் தேடுகிறவர்கள் முதல் நாளில் இரண்டு விஷயம் கவனியுங்கள். வெளியே போய் வீட்டைச் சுற்றி வருகிறாரா, எப்போது வெடித்தது என்று வீட்டில் இருப்பவரிடம் கேட்கிறாரா. அத்திவார வேலை என்றால் சித்திரை, வைகாசியிலேயே சொல்லி வையுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கிடங்கில் தண்ணீர் ஊறிவிடும், எந்த மேசனும் தோண்ட மாட்டார்.